நாலாவது சில்லு

என் சித்தப்பாவிடம் ஒரு நீலக் கார் இருக்கிறது. ஆனால் அவர் எங்கே போனாலும் சைக்கிளில்தான் போவார். சாவகச்சேரிச் சந்தைக்கும் சைக்கிள், வேலைக்கும் சைக்கிள், மழை பெய்தால் குடையைப் பிடித்துக்கொண்டு சைக்கிள்.

"என்ன கஜீவன், உன்ரை கார் அடை கிடக்குதோ?" என்று வழியில் காண்கிறவர்கள் கேட்பார்கள்.

சித்தப்பா சிரித்துக்கொண்டே மணியை அடித்துவிட்டுப் போய்விடுவார். உண்மையைச் சொன்னால் இன்னும் கூடச் சிரிப்பார்கள் என்று அவருக்குப் பயம்.

உண்மை இதுதான். போன வருடம் அந்தக் காரின் முன்சில்லு ஒன்றில், சக்கரக் கைகளின் இடுக்கில், ஒரு குளவி மண்கூடு கட்டியது. முதலில் கண்டவர் உதயகலா சித்தி. குளவி வந்து கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சித்திக்கும் சித்தப்பாவுக்கும் கலியாணமாகிக் கனகாலமாகப் பிள்ளை இல்லை. சித்தி குனிந்து கூட்டைப் பார்த்தாராம். பிறகு சித்தப்பாவிடம் திரும்பி, "இனி உந்தக் காரை ஒருதரும் தொடக் கூடாது," என்றாராம்.

அவ்வளவுதான். மாமரத்துக்குக் கீழே, தகரக் கொட்டிலுக்குள் நின்ற கார் நின்றபடியே நின்றது. கொஞ்ச நாளில் சித்தியின் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்ததும் சித்தப்பா அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. மார்கழி மழையில் வெள்ளம் வந்து சில்லுகளின் அரைவாசிக்கு ஏறியது. வெள்ளம் வற்றிவிட்டது. சேறு அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டது.

போன கிழமை தங்கச்சி பிறந்தாள். என் அம்மா சித்திக்குத் துணையாக ஆசுப்பத்திரியில் நின்றதால், என்னைச் சித்தப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். என் பெயர் மதுரா. தரம் ஐந்தில் படிக்கிறேன். அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இராது. அந்தச் சில்லுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கடித்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சித்தப்பா கொட்டில் வாசலில் நின்றார்.

"நாளைக்குச் சித்தியையும் பிள்ளையையும் ஆசுப்பத்திரியாலை வீட்டை விடுகினம். ஓட்டோ ஒண்டு சொல்லவேணும்," என்றார்.

சொன்னவர் போகவில்லை. காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சித்தப்பா?"

"ஒண்டுமில்லை பிள்ளை. என்ரை மகளை என்ரை காரிலை கூட்டிக்கொண்டு வரவேணும் எண்டு ஆசைப்பட்டனான். சரி, விடு."

எனக்கும் கவலை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான். முன் ஆசனத்தில் இருந்து போய், அயலில் உள்ள எல்லோருக்கும் முதல் தங்கச்சியைப் பார்க்க வேண்டுமென்று நினைத்திருந்தேன்.

"அந்த ஒரு சில்லை மட்டும் கூட்டோடை கழட்டி வைச்சால் என்ன? பின்னுக்கு மாத்துச் சில்லு ஒண்டு கிடக்குதெல்லோ?" என்று கேட்டேன்.

சித்தப்பா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"எடி! உது ஏன் எனக்குத் தோன்றேல்லை?"

"நீங்கள்தான் காரின்ரை பக்கமே வாறேல்லையே!"

உடனே சித்திக்குத் தொலைபேசி எடுத்தார். சித்தி எல்லாவற்றையும் கேட்டார். பின்னால் தங்கச்சி சிணுங்குகிற சத்தம் கேட்டது.

"கழட்டுங்கோ. ஆனால் கூட்டிலை ஒரு துளி மண்கூட விழக் கூடாது. அதுக்கு ஏதும் நடந்தால் நான் அந்தக் காரிலை ஏறமாட்டன். எனக்குப் பயமாக் கிடக்குதப்பா," என்றார் சித்தி.

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். சித்தப்பா வாயைத் திறப்பதற்கு முதல் நான் தொலைபேசியை வாங்கி, "ஒண்டும் நடக்காது சித்தி. நான் பாத்துக்கொள்ளுறன்," என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் போய்ச் சில்லைப் பார்த்தேன். ஐயோ! சில்லு முழுக்க மண். கீழே வெள்ளச் சேறு, மேலே தூசி, இடையில் மாவிலைக் குப்பை.

"உதிலை எது கூடு, எது சேறு?" என்று சித்தப்பா தூரத்தில் நின்றே கேட்டார். அவர் நல்ல உயரமான, பெரிய ஆள். ஆனால் குளவிக்குப் பயம்.

வடிவாகப் பார்த்தும் எனக்கும் விளங்கவில்லை. சேறும் மண், கூடும் மண்.

"முதல் மற்ற மூண்டையும் கழுவுவம். சேறு எப்பிடிக் கழருதெண்டு பாத்தால் இதுக்கு ஒரு வழி தெரியும்," என்றேன்.

வாளிச் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு இரத்தினம்மா மாமி வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்துவிட்டார். ஒரு கையில் பழப்புளி, மறு கையில் அடுப்புச் சாம்பல்.

"தள்ளு பிள்ளை. வருசக்கணக்காய்க் குத்துவிளக்கு மினுக்கிற எனக்கு இது தெரியாதே?"

நான் தடுப்பதற்குள் மாமி பின்சில்லின் ஓரத்தில் புளியையும் சாம்பலையும் பூசித் தேங்காய்ப் பொச்சால் பரபரவென்று தேய்த்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் அந்த இடம் மங்கிச் சாம்பல் நிறமாகிக் கீறல் கீறலாக இருந்தது.

"இதென்ன கோதாரி! விளக்கெண்டால் இந்நேரம் பளபளக்குமே!"

"மாமி, இது பித்தளை இல்லை, அலுமினியம்!" என்று சித்தப்பா தலையில் கை வைத்தார்.

"அதை முதலே சொல்லவேணும்," என்று மாமி அவரையே ஏசினார். "சரி சரி, நான் தண்ணி அள்ளித் தாறன்."

தேய்க்கக் கூடாது என்பது அதோடு விளங்கிவிட்டது. சேற்றுக்குள் மணல் இருக்கிறது, காய்ந்தபடி தேய்த்தால் அந்த மணலே கீறிவிடும். அதனால் முதலில் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி ஊறவிட்டேன். சேறு தானாகவே இளகி வழிந்தது. பிறகு சவர்க்கார நுரை, மெல்லிய பழந்துணி. நட்டுகள் இருக்கிற குழிகளுக்குப் பெயின்ற் அடிக்கிற பிறஸ், இடுக்குகளுக்குச் சித்தப்பாவின் பழைய பல்துலக்கும் பிறஸ். பழையது என்றுதான் நினைத்து எடுத்தேன். அது அவர் காலையில் பாவித்தது என்று பிறகு சொன்னார்.

சேற்றுக்குக் கீழே இன்னொரு அழுக்கு இருந்தது. கரி போலக் கறுப்பு.

"அது பிறேக் பிடிக்கேக்கை தேஞ்சு பறக்கிற தூள். சூட்டோடை ஒட்டினது, லேசிலை போகாது," என்றார் சித்தப்பா.

அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, கொஞ்சம் விட்டு, துணியால் துடைத்தேன். தார்ப் பொட்டுகளுக்குத் தேங்காயெண்ணெய். கறுப்புத் தண்ணீர் வழிந்தது. மறுபடி பூசினேன். மறுபடி கறுப்பு. எனக்குக் கைவலி வந்துவிட்டது.

அப்போது அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு வெள்ளிக் கோடு வெளியே வந்தது. துடைக்கத் துடைக்க அது நீண்டு சில்லின் ஒரு கையாயிற்று. பிறகு இன்னொரு கை. ஐந்து வெள்ளிக் கைகள்! நடுவில் என் முகம் தெரிந்தது. எனக்குப் பின்னால் மாமரமும், அதற்கு மேலே வானமும் தெரிந்தன. நான் துணியைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டேன். இவ்வளவு வடிவும் இவ்வளவு நாளாக இதற்குள்தான் இருந்ததா?

"கடவுளே! இந்தக் காரை வாங்கேக்கை இதின்ரை சில்லே கறுப்பு நிறம் எண்டெல்லோ நினைச்சனான்!" என்றார் சித்தப்பா.

மூன்று சில்லும் முடிய வெயில் தணிந்துவிட்டது. நாலாவதுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் பாவிக்க முடியாது. தண்ணீர் பட்டால் சேற்றோடு கூடும் கரைந்துவிடும். காய்ந்த பிறஸை எடுத்துக்கொண்டு முன்னால் சப்பாணி கட்டி இருந்தேன். தடவினேன். ஊதினேன். வெள்ளச் சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது, விரல் பட்டதும் உதிர்ந்தது. ஆனால் மேலே ஒரு கையின் மூலையில், ஓரிடம் உதிரவில்லை. விரலால் மெல்ல அழுத்தினால் கல்லு மாதிரி இருந்தது.

கையை எடுத்துவிட்டேன். பிறஸின் நுனியால் தூசியை மட்டும் தட்டினேன்.

உள்ளேயிருந்து சின்னச் சின்ன மண்பானைகள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் சுண்டங்காய் அளவு. எல்லாம் ஒரே உருண்டை, ஒரே அளவு, ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக. எனக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது. பிறகுதான் கவனித்தேன், ஒவ்வொரு பானையிலும் ஒரு வட்டத் துளை.

"சித்தப்பா! உள்ளுக்கு ஒண்டுமில்லை. குஞ்சுகள் எல்லாம் எப்பவோ பறந்து போட்டுதுகள்!"

"என்னது? அப்ப இத்தினை மாசமும் நான் வெறுங்கூட்டுக்கோ சைக்கிள் உழக்கினனான்?"

மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது என் காதுக்குப் பக்கத்தில் "ர்ர்ர்" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் சித்தப்பா கிணற்றடியில் நின்றார். எப்படி அவ்வளவு கெதியாகப் போனார் என்று தெரியவில்லை.

கறுப்புக் குளவி. நூல் மாதிரி இடுப்பு. வாயில் ஒரு ஈர மண் உருண்டை. அது என்னைக் கணக்கெடுக்கவே இல்லை. நேரே வரிசையின் கடைசிக்குப் போனது. அங்கே, நான் இன்னும் தூசி தட்டாத மூலையில், ஈரம் காயாத ஒரு புதுப்பானை இருந்தது. அரைவாசிதான் கட்டியிருந்தது.

குளவி மண்ணை வாயால் நீட்டி, முன்கால்களால் தட்டித் தட்டி, பானையின் விளிம்பைச் சுற்றி நடந்தது. ஒரு சுற்று நடந்ததும் பானை கொஞ்சம் உயர்ந்தது. பறந்து போய் மண் கொண்டுவந்தது. இன்னொரு சுற்று. கடைசியில் பானையின் வாயை வெளியே மடித்து, குடத்துக்கு வைப்பது போல ஒரு விளிம்பும் வைத்தது. நான் கொம்பாஸ் வைத்துக் கீறினாலும் என் வட்டம் கோணலாகத்தான் வரும். இந்தப் பூச்சிக்கு யார் இதைப் படிப்பித்தார்கள்?

"சித்தப்பா, வெறுங்கூடு இல்லை. புதுசாய் ஒண்டு கட்டுது," என்று மெதுவாகச் சொன்னேன்.

கிணற்றடியிலிருந்து, "கொட்டுமோ?" என்று குரல் வந்தது.

"எனக்குக் கொட்டேல்லை. ஆனால் ஒண்டு சித்தப்பா, கூடு உடையாமல் இருந்தால் மட்டும் காணாது. அது திரும்பி வரேக்கை சில்லு இதே இடத்திலை நிக்கவேணும்."

அடுத்த நாள் காலையில், குளவி பறந்து போனதும் வேலையைத் தொடங்கினோம். சார்ஜ் ஏற்றிய பற்றரியைச் சித்தப்பா முன்னமே பூட்டியிருந்தார். மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஜக்கால் காரைத் தூக்கி, நட்டுகளைக் கழற்றினார். சில்லு அசையவில்லை. துருப்பிடித்து இறுகியிருந்தது. சித்தப்பா பழக்கத்தில் காலைத் தூக்கினார்.

"உதையாதேங்கோ!" என்று நான் கத்திய கத்தில் மாமரத்துக் காகம் பறந்தது.

நடுவில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். சித்தப்பா இரண்டு கையாலும் ரயரைப் பிடித்து, குழந்தையைத் தாலாட்டுவது போல இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினார். நான் கூட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 'க்ளிக்' என்று சில்லு கழன்றது. ஒரு துளி மண்ணும் விழவில்லை. மூன்று பேருமாகச் சரிக்காமல், திருப்பாமல் தூக்கிச் சுவரோரம் நிறுத்தினோம். மாமி தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டார்.

சித்தப்பா மாற்றுச் சில்லைப் பூட்டினார். அது பழைய இரும்புச் சில்லு, துருப்பிடித்தது. மூன்று வெள்ளி, ஒரு துரு. ஒரு காலுக்கு மட்டும் செருப்பை மாறிப் போட்ட மாதிரி இருந்தது. கார் வெளியே போனதும், நாலாவது சில்லை அது முன்பு நின்ற அதே இடத்தில், அதே பக்கம் பார்க்க, செங்கல்லு அண்டக்கொடுத்து நிறுத்தினோம்.

நான் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன்.

"ஏறு பிள்ளை, நேரமாகுது!" என்றார் சித்தப்பா.

காரின் கதவைத் திறந்தபோதுதான் குளவி வந்தது. கால்களுக்குள் ஒரு பச்சைப் புழு. கொட்டிலுக்குள் போனது. சுற்றியது. மேலே போனது, கீழே வந்தது. சில்லுக்குப் பக்கத்தால் போனது, ஆனால் சில்லில் இருக்கவில்லை. வெளியே வந்தது. திரும்பவும் போனது. கடைசியில் புழுவையும் கொண்டு கொட்டிலைத் தாங்குகிற கப்பில் போய் இருந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"மதுரா, ஏறன்!"

"நீங்கள் போங்கோ சித்தப்பா. நான் வரேல்லை."

"விசரே உனக்கு? நேற்று முழுக்க உதுக்காகத்தானே மாஞ்சனீ?"

"பாத்துக்கொள்ளுறன் எண்டு சித்திக்குச் சொன்னனான்."

சித்தப்பா என்னைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார். என் தலையைத் தடவிவிட்டுப் போனார். கார் படலையைத் தாண்டித் திரும்பும்போது சில்லுகள் வெயிலில் மின்னின. நான் கொஞ்சம் அழுதேன். மாமி காணாதவர் போல நின்றார்.

அழுதுகொண்டிருந்தால் குளவிக்கு யார் உதவி செய்வது? கப்புக்குப் பக்கத்தில் குந்தி, குளவி பார்க்கிற பக்கம் நானும் பார்த்தேன். சில்லு இருக்கிறது, கூடு இருக்கிறது. எது இல்லை? கார் இல்லை! அதற்குத் தெரிந்த வீட்டுக்கு ஒரு பெரிய நீலக் கூரை இருந்தது. இப்போது அந்த இடம் வெறிச்சென்று கிடந்தது.

கொடியில் சித்தப்பா இடுப்பில் கட்டுகிற நீலச் சாறம் காய்ந்துகொண்டிருந்தது. நான் இரண்டு கதிரைகளை இழுத்துவந்து, சில்லுக்கு இரண்டு பக்கமும் வைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டேன். அதன்மேல் சாறத்தை விரித்தேன்.

"எடி, அது அவன்ரை நல்ல சாறம்!"

"கொஞ்சம் பொறுங்கோ மாமி."

குளவி எழும்பியது. ஒரு சுற்றுச் சுற்றியது. சாறத்துக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடியும் உள்ளே போனது. சில்லின் கையில் இறங்கி, நடந்து நடந்து, தன் பானையைக் கண்டுபிடித்தது!

புழுவின் தலையைப் பானைக்குள் விட்டு, மெல்ல மெல்லத் தள்ளியது. பச்சை வால் கடைசியாக உள்ளே போனது. பிறகு இன்னொரு புழு வந்தது. பிறகு இன்னொன்று. எல்லாம் இன்னும் கண்ணால் காணாத தன் குஞ்சுக்கு. கடைசியில் ஒரு மண் உருண்டையைக் கொண்டுவந்து பானையின் வாயை மூடி, மேலே தடவித் தடவி ஒப்பமாக்கியது.

"மாமி..." என்றேன்.

"ஓமடி, பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்," என்று மாமி இரகசியம் போலச் சொன்னார். மாமி மெதுவாகக் கதைத்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

படலையில் கார்ச் சத்தம். அம்மா தங்கச்சியை வெள்ளைத் துவாயில் சுற்றி அணைத்தபடி இறங்கினார். சித்தி மெல்ல இறங்கினார். வீட்டுப் பக்கம் போகவில்லை.

"கூடு?" என்று கேட்டார்.

நான் கையைக் காட்டினேன். சித்தி வந்து, சாறத்தை விலக்காமல் குனிந்து பார்த்தார். துளை விழுந்த பழைய பானைகள். கடைசியில் வாய் மூடிய புதுப்பானை, இன்னும் ஈரமாக. குளவி வந்ததையும் புழு கொண்டுவந்ததையும் நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சித்தியின் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவர் சிரித்தார். பயம் எங்கேயோ போய்விட்டது.

"நீ காரிலை வரேல்லை எண்டு சித்தப்பா சொன்னவர். ஆசையாய் இருந்தனீ எண்டும் சொன்னவர்," என்றார்.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

சித்தி அம்மாவிடம் திரும்பினார். "அக்கா, பிள்ளையை இவளிட்டைக் குடுங்கோ. இவள்தான் வீட்டுக்குள்ளை முதல் கொண்டுபோகவேணும்."

"ஐயோ, இவளே சின்னப்பிள்ளை! விழுத்திப்போடுவாள்!" என்று மாமி பதறினார்.

"விழுத்தமாட்டாள் மாமி," என்றார் சித்தி.

நான் ஓடிப்போய்க் கிணற்றடியில் முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தேன். அம்மா தங்கச்சியை என் கையில் வைத்தார். சித்தி தன் கையை என் கைக்குக் கீழே பிடித்துக்கொண்டார். தங்கச்சி ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். அவ்வளவு சின்ன விரல்கள், அந்த விரல்களுக்கும் நகங்கள்!

கொட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் நான் மூச்சே விடவில்லை.